மூச்சு வாங்கும் தொழிலாளி முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை

(கோவையில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில், எங்கள் சுகாதாரக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை.)

கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் வேலைப் பளுவைப் பற்றியும் பேச எத்தனையோ கூட்டங்கள் போட்டிருக்கிறோம். இன்று மூச்சைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். மூச்சு டாக்டர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, அதற்கு ஒரு கூட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். இந்தப் பேச்சு முடிவதற்குள் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறோம்.

முதலில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரைப் போன்ற ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரு மில்லில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் 29 வருஷம் வேலை செய்தவர். பஞ்சுப் பேலை உடைத்துப் போடுகிற இடம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீடியும் குடித்தவர்தான். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாங்கள் போனபோது அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டீக்கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்தக் கடைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது என்றார். நடந்தால் இளைப்பு வருகிறது. இளைப்பு வந்தால் பயம் வருகிறது. மகன் நல்ல பிள்ளை. அப்பா எழுந்திருக்கப் பார்த்தால், "நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவான். மருமகள் சோற்றுத் தட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்பே அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டது.

அவர் எங்களைக் கேட்டார்: "இனி என்னங்க இருக்குது? மூச்சு நிக்கிற வரைக்கும் இப்படியே உக்காந்திருக்க வேண்டியதுதானுங்களா?"

இல்லை என்பதுதான் எங்கள் பதில். அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, விஞ்ஞானம் முடிவு கட்டிய பதில் என்பதை விளக்கவே இங்கே வந்திருக்கிறோம்.

நோய் என்ன செய்கிறது?

பஞ்சுத் தூசியில் வேலை செய்பவருக்கு ஆரம்பத்தில் என்ன நடக்கிறது? வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மார்பு இறுகுகிறது. அடுத்த நாள் குறைந்துவிடுகிறது. வருஷங்கள் போகப் போக எல்லா நாட்களிலும் இறுக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் தூசியிலிருந்து விலகினால் சரியாகிவிடும். நாள்பட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும். இதற்கு டாக்டர்கள் பிஸினோஸிஸ் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். கல் உடைப்பவருக்கும் ஆலையில் கல் அரைப்பவருக்கும் வருவது சிலிகோஸிஸ். பீடி, சிகரெட், தூசி, விறகடுப்புப் புகை ஆகியவற்றால் மூச்சுக் குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் சிதைந்து போவது சி.ஓ.பி.டி. எனப்படும் நீண்டகால நுரையீரல் அடைப்பு நோய்.

2018-ல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பின்படி 2016-ம் ஆண்டில் நம் நாட்டில் சி.ஓ.பி.டி. நோயாளிகள் 5 கோடியே 53 லட்சம் பேர். 1990-ல் இது 2 கோடியே 81 லட்சம். உலக ஜனத்தொகையில் நாம் நூற்றுக்கு 18 பேர். ஆனால் நாட்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கிய ஆயுளில் நூற்றுக்கு 32 பங்கு நம்முடையது. இந்தச் சுமை யார் தலையில் அதிகமாக விழுகிறது? தூசியில் வேலை செய்பவன் தலையிலும் புகையில் சமைப்பவள் தலையிலும்தான்.

சிதைந்த நுரையீரல் பழையபடி ஆகாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எந்த லேகியமும் எந்த ஊசியும் அதைப் புதிதாக்காது. அப்படிச் சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் மூச்சு வாங்குவதற்கு நுரையீரல் மட்டுமே காரணம் என்று நினைப்பது தவறு. பலர் தடுமாறும் இடம் இதுதான்.

ஓய்வு என்னும் பொறி

நடந்தால் இளைக்கிறது என்று ஒருவர் நடப்பதைக் குறைக்கிறார். நடப்பதைக் குறைத்தால் தொடைச் சதையும் கெண்டைக்கால் சதையும் வற்றுகின்றன. வலுவிழந்த சதை சிறிது உழைத்தாலும் சீக்கிரத்தில் அமிலத்தை ஊறவைக்கிறது. அந்த அமிலத்தைச் சமாளிக்க உடல் இன்னும் அதிகக் காற்றைக் கேட்கிறது. ஆகவே முன்பு நூறு அடியில் வந்த இளைப்பு இப்போது ஐம்பது அடியில் வருகிறது. அவர் இன்னும் குறைவாக நடக்கிறார். சதை இன்னும் வற்றுகிறது. கடைசியில் கட்டில்தான்.

இந்த நோயில் இன்னொரு கஷ்டமும் உண்டு. காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கடினம். பழைய காற்று முழுவதும் வெளியேறுவதற்கு முன்பே பயத்தில் அடுத்த மூச்சை இழுக்கிறோம். பாதி நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதைப் போல மார்பு காற்றால் நிரம்பிவிடுகிறது. அதற்கு மேல் இழுக்க இடமில்லை. அதைத்தான் திணறல் என்கிறோம்.

நுரையீரலில் நடந்த சேதம் போகாது. ஆனால் வற்றிய சதையை வளர்க்கலாம். மூச்சை விடும் முறையைக் கற்றுக்கொள்ளலாம். பயத்தைப் போக்கலாம். இந்த மூன்றையும் டாக்டர், பிசியோதெரபிஸ்ட், நர்ஸ் ஆகியோர் மேற்பார்வையில் முறையாகச் செய்வதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர்.

ஒரு காலத்தில் டாக்டர்களே இந்த நோயாளிகளை ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். 1952-ல் அமெரிக்காவில் ஆல்வன் பாராக் என்ற டாக்டர், நோயாளிகளைப் படிப்படியாக நடக்க வைக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்ற டாக்டர் அதை ஒரு முறையான திட்டமாக நடத்திக் காட்டினார். ஓய்வே மருந்து என்ற பழைய கருத்து அதன் பிறகுதான் மெள்ள மெள்ள ஆட்டம் கண்டது. ஆனால் நம் வீடுகளில் அது இன்னும் ஆட்டம் காணவில்லை.

சுரங்கத் தொழிலாளி தந்த அளவுகோல்

மூச்சு வாங்குவதை எப்படி அளப்பது? உலகம் முழுவதும் இன்று டாக்டர்கள் பயன்படுத்தும் ஐந்து படி அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது பிறந்தது வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே.

1945-ல் கார்டிஃப் நகருக்கு அருகே லாண்டோ ஆஸ்பத்திரியில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நிலையத்தை நிறுவியது. நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோயை ஆராய்வது அதன் வேலை. அதன் தலைவர் டாக்டர் சார்லஸ் ஃப்ளெட்சர். எக்ஸ்ரே படம் மட்டும் ஒரு தொழிலாளியின் கஷ்டத்தை முழுவதும் சொல்லிவிடாது என்பது அங்கே தெரிந்தது. ஆகவே அன்றாட வாழ்க்கையில் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்ற கேள்வியையே அளவுகோலாக்கினார்கள்.

அதை நம் ஊர் வழக்கில் சொல்லுகிறோம். நீங்களே உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடும் உழைப்பில் மட்டும் மூச்சு வாங்கினால் முதல் படி. வேகமாக நடக்கும்போதும் சிறு மேடு ஏறும்போதும் வாங்கினால் இரண்டாம் படி. சம வயதுக்காரரோடு சமதரையில் சேர்ந்து நடக்க முடியாமல் பின்தங்கினால் மூன்றாம் படி. சுமார் 100 மீட்டர் நடந்ததும் நின்றுவிட வேண்டியிருந்தால் நான்காம் படி. வீட்டைவிட்டு வெளியே போக முடியாமல், சட்டை மாட்டும்போதே இளைத்தால் ஐந்தாம் படி. நாம் சொன்ன பெரியவர் ஐந்தாம் படியின் வாசலில் இருந்தார்.

அந்த நிலையத்தில் 1948-ல் சேர்ந்தவர் டாக்டர் ஆர்ச்சி காக்ரன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம். மாணவராக இருந்தபோதே 1936-ல் படிப்பை நிறுத்திவிட்டு, உள்நாட்டுப் போரில் அடிபட்ட ஸ்பெயின் ஜனங்களுக்கு உதவ ஆம்புலன்ஸ் படையோடு சென்றவர். 1950-களின் ஆரம்பத்தில் ரோண்டா ஃபாக் பள்ளத்தாக்கில், வீடு வீடாகச் சென்று ஆட்களைத் திரட்டி, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்ரே எடுக்க வைத்தவர். தொழிலாளர்களின் ஒத்துழைப்பு இல்லாமல் அந்தக் காரியம் நடந்திருக்காது.

பயிற்சி எப்படி நடக்கிறது?

முதலில் பரிசோதனை. நம் நாட்டில் இருமல் என்றால் காச நோய் இல்லை என்பதைச் சளிப் பரிசோதனையால் உறுதி செய்துகொள்ள வேண்டும். சிலிகோஸிஸ் உள்ளவர்களுக்குக் காச நோய் எளிதில் தொற்றும். இருதயத்தையும் பார்க்க வேண்டும். ஊதி இழுக்கும் மருந்தைச் சரியாக எடுக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். பம்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒத்துப்போகாததால், மருந்து தொண்டையோடு நின்றுவிடுவதைப் பலரிடம் நாங்கள் பார்த்தோம்.

பிறகு ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரம், இரண்டு முனையிலும் ஒரு அடையாளம், ஒரு கடிகாரம், விரலில் மாட்டி ஆக்ஸிஜனைக் காட்டும் கருவி. ஆறு நிமிடத்தில் எத்தனை தூரம் நடக்க முடிகிறதோ அத்தனை தூரம் நடக்க வேண்டும். நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நமது பெரியவர் மூன்று தடவை நின்று 240 மீட்டர் நடந்தார்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், எட்டு வாரம் பயிற்சி. சில இடங்களில் ஆறு வாரம், சில இடங்களில் பன்னிரண்டு வாரம். பயிற்சியின் உயிர் நடைதான். மூச்சே வாங்காமல் நடந்தால் பலன் இல்லை; பேச்சே வராத அளவுக்கு நடந்தால் ஆபத்து. ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று துண்டாகச் சொல்ல முடிகிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். தொடர்ந்து நடக்க முடியாதவர் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி நடக்கலாம். எல்லாம் சேர்த்து 20 நிமிடம், பிறகு 30 நிமிடம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும்.

நடையோடு சதைக்கு வலுவூட்டும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. ஒரு படி ஏறி இறங்குவது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தோள்வரை தூக்கி இறக்குவது. இதற்கு லட்ச ரூபாய் மெஷின் வேண்டுமா? வேண்டாம்.

அடுத்து மூச்சு. மூக்கால் மெதுவாக இழுங்கள். சூடான டீயை ஆற்றுவதற்கு ஊதுவதைப் போல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். பலமாக ஊதக் கூடாது. குவித்த உதடு மூச்சுக் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்வதைத் தடுக்கிறது. பழைய காற்று வெளியேறுகிறது. புதிய காற்றுக்கு இடம் பிறக்கிறது. திணறல் வந்தால் ஓடிப் போய்ப் படுக்காதீர்கள். முன்பக்கம் சாய்ந்து, முழங்கையை மேஜை மீதோ தொடை மீதோ ஊன்றி, இதே மூச்சை விடுங்கள்.

வீட்டு வேலைக்கும் ஒரு முறை உண்டு. பாரத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கலாம். மாடிப்படியில் மூச்சை விட்டபடி இரண்டு படி ஏறி, நின்று, இழுத்து, மறுபடி ஏறலாம். இதை வெட்கமாக நினைக்கக் கூடாது. மூச்சைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவன்தான் அதிக தூரம் போகிறான்.

சாப்பாட்டையும் கவனிக்க வேண்டும். சதை வளர வேண்டுமென்றால் முட்டை, பருப்பு, பயறு, மீன் வேண்டும். வெறும் கஞ்சியால் சதை வளராது. வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும்; ஆகவே சிறுகச் சிறுகப் பல தடவை. பீடியை விட்டே தீர வேண்டும். இதில் சமரசம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் தானாக ஓட்டம் பிடிக்கக் கூடாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு வலி, தலை சுற்றல், சளியில் ரத்தம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். நடக்கும்போது விரல் கருவி 88-க்குக் கீழே காட்டினாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களின் மூச்சு

இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நாங்கள் போன வீடுகளில் ஆண் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். பெண் மூச்சு வாங்கினால், "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறார்கள். பீடியைத் தொட்டே அறியாத அம்மா ஒருவர் நாற்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் குனிந்து ஊதியிருக்கிறார். அந்தப் புகையும் நோயைத் தரும் புகைதான். பலர் மில்லிலும் தூசியைச் சுவாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து புகையையும் சுவாசித்தவர்கள்.

அந்த அம்மா எங்களிடம், "நான்தான் நாள் முழுக்க வேலை செய்யறனே, எனக்கெதுக்குப் பயிற்சி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வேலை என்பது நம் மூச்சைக் கேட்டு நடப்பதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்தையும் கேட்டு நடக்கிறது. பயிற்சி நம் மூச்சைக் கேட்டு, அளந்து, படிப்படியாக நடக்கிறது. ஒன்று ஆளைத் தேய்க்கிறது. மற்றொன்று ஆளை வளர்க்கிறது. அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டில் மற்றவர்கள் குடத்தை எடுக்க வேண்டும். இதை ஆண் தோழர்கள் கவனிப்பார்களாக!

பயன் உண்டா என்ற கேள்வி முடிந்துவிட்டது

இதெல்லாம் உண்மையில் பலன் தருமா என்று கேட்கலாம். டாக்டர் காக்ரனிடம் மீண்டும் வருவோம். எந்த வைத்தியமானாலும் அது பயன் தருகிறதா என்பதை நேர்மையான சோதனையால் நிரூபிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். 1993-ல் அவர் பெயரால் ஒரு சர்வதேச நிறுவனம் ஏற்பட்டது. உலகில் நடக்கும் வைத்தியச் சோதனைகளை ஒன்றுசேர்த்துச் சலித்துப் பார்ப்பது அதன் வேலை.

2015-ல் அந்த நிறுவனம் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றிய 65 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 3,822 பேர். முடிவு என்ன? பயிற்சி பெற்றவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைந்தது, களைப்பு குறைந்தது, நடக்கும் தூரம் கூடியது, வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை வளர்ந்தது. பயிற்சி பயன் தருமா, தராதா என்று பார்ப்பதற்கு இனிமேல் சோதனை தேவையில்லை என்றே அதையொட்டி எழுதினார்கள். விஞ்ஞானிகள் ஒரு கேள்வியை இப்படி மூடிவைப்பது அபூர்வம்.

ஆனால் நடப்பது என்ன? பணக்கார நாடான அமெரிக்காவிலேயே, சி.ஓ.பி.டி. முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பிய முதியோர் சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம் பேரைப் பற்றிய ஆய்வு 2020-ல் வெளிவந்தது. 90 நாளுக்குள் பயிற்சி தொடங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அப்படித் தொடங்கியவர்களிடையே அடுத்த ஒரு வருஷத்தில் மரணம் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு கண்டது.

காக்ரன் 1930-களின் இறுதியில், பயன் தரும் வைத்தியம் எல்லாம் இலவசமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை எழுதி ஏந்திக்கொண்டு லண்டனில் ஒரு பேரணியில் நடந்தார். பயன் தருகிறதா என்ற பாதிக் கேள்விக்கு அவர் பெயரால் விடை கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கிறதா என்ற மறுபாதி நம் முன்னால் நிற்கிறது. அதனால்தான் தோழர்களே, மூச்சைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது.

போராடிப் பெற்றவர்கள்

அது எப்படிக் கிடைக்கும்? அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே நிலக்கரித் தொழிலாளர்களின் இளைப்பு வெகுகாலம் சாதாரண விஷயமாகவே தள்ளப்பட்டது. 1968 நவம்பர் 20-ம் தேதி ஃபார்மிங்டன் சுரங்கம் வெடித்து 78 பேர் மாண்டார்கள். அந்தக் கொதிப்பின் நடுவே பஃப், ராஸ்முஸன், வெல்ஸ் என்ற மூன்று டாக்டர்கள் ஊர் ஊராகச் சென்று, நுரையீரலைத் தூசி என்ன செய்கிறது என்று தொழிலாளர்களுக்கு விளக்கினார்கள். 1969 பிப்ரவரியில் 40,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மார்ச் மாதம் மாநிலச் சட்டம் வந்தது. டிசம்பரில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. கரு நுரையீரல் நோய்க்கென்று சர்க்கார் உதவியோடு கிளினிக்குகள் பின்னர் ஏற்பட்டன. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி அந்தக் கிளினிக்குகளின் பணிகளில் ஒன்று.

டாக்டர்கள் ஜனங்களிடம் வந்தார்கள். ஜனங்கள் ஒன்று சேர்ந்தார்கள். கிளினிக் வந்தது. இந்த வரிசையை நாம் மறந்துவிடக் கூடாது.

நம் கோரிக்கைகள்

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயிற்சி இருக்கிறதே, இனித் தூசியைப் பற்றிக் கவலை ஏன் என்று எந்த முதலாளியும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து அறுக்க வேண்டும். வேலை செய்பவர்களின் மூச்சைக் காலா காலத்தில் கருவி கொண்டு பரிசோதித்து, அந்த முடிவைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். பிஸினோஸிஸும் சிலிகோஸிஸும் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஏறிய தொழில் நோய்கள். அவை தர்மமாகக் கேட்க வேண்டியவை அல்ல. இளைப்பு உள்ளவர்கள், எந்த இலாகாவில் எத்தனை வருஷம் வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சீட்டில் வெறும் ஆஸ்துமா என்று எழுதிவிட்டால் தூசி தப்பித்துக்கொள்ளும்.

அதோடு சேர்த்துப் பயிற்சியையும் கேட்போம். தொழிலாளர் ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் வாரத்துக்கு மூன்று நாள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நடக்க வேண்டும். திணறல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், வீடு திரும்பும்போது மருந்துச் சீட்டோடு பயிற்சிக்கான சீட்டையும் பெற வேண்டும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியபோது, வீட்டுக்கே வரும் பிசியோதெரபி அதில் ஒரு பகுதியாக வைக்கப்பட்டது. வீட்டுக்கு வரும் அந்தக் கைகளுக்கு நுரையீரல் நோயாளியையும் நடத்திப் பழக்கும் பயிற்சி கொடுங்கள் என்று கேட்போம். இதற்கு வேண்டியது ஒரு தாழ்வாரம், ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு விரல் கருவி, பயிற்சி பெற்ற ஓர் ஆள். இதற்குப் பணமில்லை என்று எந்த சர்க்காரும் சொல்ல முடியாது.

அது வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. டாக்டர் அனுமதி பெற்றவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து நடக்கலாம். சேர்ந்து நடப்பவர்கள் பாதியில் விடுவதில்லை. தனியாக நடப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். இதை நாங்கள் கண்கூடாகப் பார்த்தோம். பயிற்சியை நிறுத்தினால் பலனும் மாதங்களில் தேய்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக அந்தப் பெரியவர். எட்டு வாரம் முடிந்ததும் மறுபடி மூச்சைக் கருவியில் ஊதிப் பார்த்தார். எண் பழைய எண்தான், நுரையீரல் மாறவில்லை. ஆறு நிமிடம் நடந்து பார்த்தார். ஒரு தடவை மட்டும் நின்று 295 மீட்டர் நடந்தார். 30 மீட்டர் கூடினாலே ஆளுக்கு வித்தியாசம் தெரியும் என்பது டாக்டர்களின் கணக்கு.

அவருக்கு மீட்டர் கணக்கில் அக்கறை இல்லை. ஒரு நாள் காலையில் மகன் வழக்கம்போல, "உக்காருங்கப்பா" என்றான். அவர், "நீ உக்காருடா, நான் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டே டீக்கடைக்கு நடந்தார். அங்கே அவரோடு கார்டிங்கில் வேலை செய்த இன்னொருவர் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மறுநாள் அவரையும் கையோடு எங்களிடம் கூட்டி வந்துவிட்டார்.

தோழர்களே! தாய்மார்களே! உங்கள் தெருவிலும் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரைப் போய்ப் பாருங்கள்.